மூன்றாவது சாவி

கைப்பேசியின் கண்ணாடியில் விழுந்த விரிசலோடு ஒரு வாரம் ஓடிவிட்டது. அதைச் சுவரில் எறிந்தவன் அண்ணன். எறியும் அளவுக்கு அவனுக்கு ஆத்திரமூட்டியது, அதற்குள் தங்கை ஓசைப்படாமல் கட்டி வைத்திருந்த ஓர் இணையதளம்.

குடும்பத்தின் பூட்டுக் கடைக்கென்று ஒரு பக்கம். கடையின் பெயர், தெரு, தொலைபேசி எண், திறக்கும் நேரம், வேலை செய்பவர்கள் யார் யார் என்ற விவரம். மூன்று வாரம் முதுகொடிய உட்கார்ந்து செய்திருந்தாள். 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி.

பூட்டுக்காரன் முகம் தெருவுக்குத் தெரியக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். தெரிந்துவிட்டால் திருடன் முதலில் அவனைத்தான் தேடி வருவான். கழுத்தில் கத்தியை வைத்து அடுத்தவன் வீட்டுக் கதவைத் திறக்கச் சொல்வான். நாற்பது வருடமாக அப்பா இதைச் சொல்லி வந்தார். ஆகவே அந்தக் கடையில் புகைப்படம் கிடையாது, விளம்பரம் கிடையாது. பலகையில் பெயரைத் தவிர வேறு எழுத்துக் கிடையாது. மகளின் கல்யாணத்தில்கூட அவர் காமிராவுக்கு முதுகைத்தான் காட்டினார்.

மகளை வீட்டில் அரம் என்று கூப்பிடுவார்கள். இரும்பை ராவும் கருவியின் பெயர். அவள் நாக்குக்குப் பொருத்தமாக அப்பா வைத்தது. கணவன் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. கடையின் முன்பக்கமும் சாவி வெட்டும் இயந்திரமும் அவள் பொறுப்பு.

அன்று காலை ஒன்பதரை மணிக்கு, அந்த இயந்திரத்தின் மேல்தான் முதல் அடி விழுந்தது.

கண்ணிமைக்கும் நேரத்துக்கு முன்புதான் அவள் கையை எடுத்திருந்தாள். வெட்டும் சக்கரம் உடைந்து தெறித்துச் சுவரில் மோதியது. இரும்புக் கம்பியை இரண்டாம் முறை ஓங்கியவன் பேருந்து ஓட்டுநரின் சீருடையில் இருந்தான். ஆறடிக்குக் குறையாத உடம்பு. சட்டையின் முன்புறம் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அது அவனுடைய ரத்தம் அல்ல என்பது பார்த்த மாத்திரத்தில் புரிந்தது.

"எங்கடி உங்க ஆளு?"

"எந்த ஆளு? யாரு நீங்க?"

"பூட்டு மாட்ட வந்த ஆளு!"

கம்பி கண்ணாடிப் பேழைக்குள் இறங்கியது. வரிசையாக வைத்திருந்த பூட்டுகள் கண்ணாடித் தூளோடு அவள் காலடியில் கொட்டின. அடுத்த வீச்சில் வெட்டாத சாவிகள் தொங்கிய பலகை இரண்டாகப் பிளந்தது. நூற்றுக்கணக்கான சாவிகள் தரையெங்கும் சிதறின.

பின்கட்டிலிருந்து அண்ணன் பாய்ந்து வந்தான். கேட்டுவிட்டு அடிக்கும் வழக்கம் அவனுக்கு இல்லை, அடித்துவிட்டுத்தான் கேட்பான். தலையைத் தாழ்த்தி ஓட்டுநரின் வயிற்றில் முட்டினான். இருவரும் கண்ணாடித் தூள்மேல் உருண்டார்கள். அண்ணனின் விரல்கள் அவன் தொண்டையைத் தேடிப் பிடித்தன. ஓட்டுநர் கம்பியைத் திருப்பிப் பிடித்து அண்ணனின் காதோரம் ஓங்கி இடித்தான். காதின் மேல்பாதி கிழிந்து தொங்கியது. அண்ணன் பிடியை விடவில்லை.

"அண்ணா, விடு! செத்துடப் போறான்!"

"சாகட்டும்! கடைக்குள்ள வந்து கை வைக்கறானா?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்கடா!"

அப்பாவின் குரல் அது. அவர் ஓடி வந்து வலக்கையை நடுவே நீட்டினார். அண்ணனின் மண்டையை நோக்கி இறங்கிய கம்பி, அப்பாவின் மணிக்கட்டில் விழுந்தது.

பெரிய சத்தம் இல்லை. பொருந்தாத சாவியைத் திருகினால் பூட்டுக்குள்ளேயே முறியுமே, அப்படியொரு சின்னச் சத்தம்.

கடை ஸ்தம்பித்தது. அப்பா கத்தவில்லை. தொங்கிய கையை மற்றக் கையால் ஏந்தியபடி, யாரோ கொடுத்த பொருளைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் ஊரின் பூட்டுகளை மயிரிழைக் கணக்கில் ராவிய கை.

ஓட்டுநரின் கையிலிருந்து கம்பி நழுவியது. கோபம் போய்விடவில்லை. அடிக்கத் தெம்பில்லாமல் அவன் வாய் திறந்தது.

"எட்டு நாள் முன்னாடி எங்க வீட்டுச் சாவி தொலைஞ்சு போச்சு. எம் பொண்டாட்டி போன்ல தேடினா. உங்க கடை வந்துச்சு. போன் பண்ணின இருபதாவது நிமிஷம் ஒருத்தன் வந்தான். பூட்ட மாத்தினான். ரெண்டு சாவி குடுத்தான். மூணாவதா ஒண்ணு வெட்டித் தன் பையில போட்டுக்கிட்டிருக்கான். நேத்து மத்தியானம் நான் வண்டியில இருக்கேன். அவ தூங்கிட்டு இருக்கா. கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வந்திருக்கான்."

மூச்சு வாங்கினான்.

"முழிச்சுக் கத்தினா. இஸ்திரிப் பெட்டியால தாடையில அடிச்சிருக்கான். ஒரு அடி இல்ல. ஆறு அடி. டாக்டர் எண்ணிச் சொன்னாரு."

"எங்க கடையிலிருந்து யாரும் வரல," என்றான் அண்ணன், காதைப் பொத்திக்கொண்டு. "இங்க மொத்தமே மூணு பேரு. அப்பா, நான், இவ."

"மூணு பேருன்னு நீ சொன்னா ஆச்சா? அது எங்கடா எழுதியிருக்கு?"

அவன் தன் கைப்பேசியை அரத்தின் காலடியில் விட்டெறிந்தான். அவள் எடுத்துப் பார்த்தாள்.

கடைகளைத் தேடினால் விலாசம் காட்டும் ஏதோ ஒரு பொதுப் பக்கம். கடையின் பெயர் சரி. தெரு சரி. பலகையின் படம்கூட இருந்தது. எதிர்ச்சாரியில் நின்று எடுத்திருக்கிறார்கள். எண் மட்டும் யாருடையதோ. கீழே இன்னொரு படம். இரும்பை இறுக்கிப் பிடிக்கும் பிடிச்சிராவியின் மேல் குனிந்து வேலை செய்யும் அப்பாவின் முதுகு.

 உலகத்தில் அந்தப் படத்தை எடுத்தவள் அவள் ஒருத்திதான். கல்யாணமான புதிதில், அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்தது. ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பியிருந்தாள்.

அண்ணன் எட்டிப் பார்ப்பதற்குள் கைப்பேசியைக் கவிழ்த்துவிட்டாள்.

"இந்த நம்பர் எங்களோடது இல்லண்ணே," என்றாள் ஓட்டுநரிடம்.

"சரி. உங்களோடது எது? உங்க பக்கம் எது? எடுத்துக் காட்டு."

"எங்களுக்குப் பக்கம் எதுவும் இல்ல."

ஓட்டுநர் சிரித்தான். கண்ணாடித் தூளில் கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் தெறித்தது.

"பஞ்சர் ஒட்டறவன்கூட இன்னிக்கு மூஞ்சியும் நம்பருமா போன்ல இருக்கான். நீங்க என்ன, ஆவியா? எம் பொண்டாட்டி தேடினா, பொய்யி கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. உங்க நிஜம் எங்கம்மா இருந்துச்சு அப்போ?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் நிமிரவில்லை.

"சாயங்காலம் ஆறு மணிக்கு டிப்போல ஆள் மாறுவாங்க. நானூறு பேரு," என்றான் ஓட்டுநர். "அதுக்குள்ள அவனைக் கொண்டாந்து நிறுத்தணும். இல்ல, அவன் உங்க ஆளு இல்லன்னு நிரூபிக்கணும். ரெண்டும் இல்லன்னா, இந்தக் கடை இருக்காது. உள்ள யாரு இருந்தாலும் சேர்த்துத்தான்."

போகும்போது வாசல் பலகையைக் காலால் உதைத்துவிட்டுப் போனான்.

*

மாடியிலிருந்து இறங்கி வந்த அண்ணி, கணவனின் கிழிந்த காதைத் துணியால் அழுத்திக் கட்டினாள். கை கட்டுப் போட, வாய் ஓயவில்லை.

"ரெண்டு காது இருந்தப்பவே நான் சொன்னது ஏறல. இனிமே ஒண்ணரைதான். சுத்தம்."

"வாய மூடிட்டுக் கட்டுடி."

"கட்டறேன். வாயத்தான் முதல்ல கட்டியிருக்கணும்."

அண்ணனைக் கடைக்குக் காவல் வைத்துவிட்டு, அரம் அப்பாவை வாடகை வண்டியில் ஏற்றினாள். ஊருக்கு ஒரே பெரிய ஆஸ்பத்திரி. ஓட்டுநரின் மனைவியும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டே போனாள்.

மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டு காய்வதற்காக அப்பாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"மூணாவது சாவி வெட்டறவன் நம்ம பட்டறையில ஒருத்தன்தான் இருந்தான்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அவர் கப்பல் ஏறிட்டாருன்னு சொன்னீங்களேப்பா."

"நான்தான் சொன்னேன். உன் அண்ணன் நம்பணும்னு சொன்னேன். இங்கதான் இருக்கான்னு தெரிஞ்சா, அவனைத் தேடிப் பிடிச்சுக் கொன்னுருப்பான். உன் அண்ணன் ஒரு கொலைகாரனா ஜெயிலுக்குப் போகணுமா?"

இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த மத்தியானத்தை அவள் மறந்ததில்லை. வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய்வந்த கணவனின் பையில், யாருக்கும் சேராத பதினோரு சாவிகள் இருந்தன. அண்ணன் அவனைப் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு அடித்தான். இரண்டு விலா எலும்பு, மூன்று பல். பிறகு தெருவில் தள்ளினான். மறுநாள் குடும்பம் கூடிப் பேசி ஒரே முடிவுக்கு வந்தது. வெளியே மூச்சு விடக் கூடாது. மாப்பிள்ளை திருடன் என்று தெரிந்தால் கடையின் பெயர் போய்விடும். யாராவது கேட்டால் வெளியூர் வேலை என்று சொல்லிவிடலாம்.

அப்படியே சொன்னார்கள். பெயரைக் காப்பாற்ற எண்ணி அவர்கள் கட்டிய மௌனம், அந்தப் பெயரையே அவன் கையில் ஒப்படைத்துவிட்டது. அவன் கடையைவிட்டு வெளியேற்றப்பட்டவன் என்று அறிந்தவர்கள் இந்த ஊரில் நான்கே பேர். மற்ற எல்லோருக்கும் அவன் இன்னமும் அந்தக் கடையின் ஆள்.

"யாரு நம்ம ஆளுன்னு நாம சொல்லலப்பா," என்றாள். "அதான் அவர் சொல்லிக்கிட்டாரு."

அவள் கைப்பேசியை எடுத்தாள்.

"அடிபட்ட அந்த அம்மாகிட்ட நம்ம படத்தைக் காட்டணும். இவங்க இல்லன்னு அவங்க வாயால வரணும். உங்க மூஞ்சி தெரியற படம் என்கிட்ட இல்ல. ஊர்லயே இல்ல."

செவிலி ஒருத்தி தள்ளுவண்டியோடு கடந்து போனாள். சக்கரச் சத்தம் அடங்கும்வரை அவர் தலை குனிந்தே இருந்தார். பிறகு கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முதுகை நிமிர்த்தினார்.

"எடு."

"அப்பா?"

"எடுங்கறேன். எங்க பாக்கணும்?"

"இந்தச் சின்ன வட்டத்தைப் பாருங்கப்பா."

விரிசல் விட்ட கண்ணாடியின் வழியே, அப்பாவின் முகத்தை அவள் முதல்முறையாகப் படமாகப் பார்த்தாள். அவருக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. திருட்டு கொடுத்தவரைப்போல விழித்துக்கொண்டிருந்தார்.

அண்ணியிடம் கேட்டதும் அண்ணனின் படம் வந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'சிரிங்கன்னேன். முறைக்கறார். இதுக்கு மேல நல்ல படம் இந்த ஜென்மத்துல கிடைக்காது.'

*

பெண்கள் பிரிவின் வாசலிலேயே ஓட்டுநர் அவளைப் பார்த்துவிட்டான். அடுத்த கணம் அவள் முதுகு சுவரில் மோதியது. அவன் முழங்கை அவள் கழுத்தில் அழுந்தியது.

"இங்க எதுக்குடி வந்தே?"

"போட்டோ... காட்டணும்." காற்று வரவில்லை. "எங்க மூணு பேரு போட்டோ. அக்காகிட்ட. அப்புறம் கொல்லுங்க."

கட்டிலிலிருந்து இரும்பைத் தட்டும் ஓசை கேட்டது. அவன் மனைவி கரண்டியால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். தாடையைக் கம்பியால் இறுக்கியிருந்தார்கள். ஒரு கண் முழுதாக மூடிக்கொண்டிருந்தது. திறந்திருந்த கண் தெளிவாக இருந்தது. ஓட்டுநர் முழங்கையை எடுத்தான்.

அரம் கட்டிலருகே மண்டியிட்டாள்.

அப்பாவின் படம். அந்தப் பெண் தலையை அசைத்தாள். இல்லை.

அண்ணனின் படம். இல்லை.

அவளுடைய படத்தையும் காட்டினாள். இல்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். குடும்பம் தப்பித்துவிட்டது; எழுந்து வெளியே போயிருக்கலாம். கைப்பேசியில் அழிக்காமல் வைத்திருந்த கல்யாணப் படம் ஒன்று இருந்தது. அழிக்காததற்கு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணங்கள் பல. எதுவும் உண்மை அல்ல. மாலையும் கழுத்துமாக நின்ற தன்னை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் நின்றவனின் முகத்தை மட்டும் பெரிதாக்கினாள்.

நான்காவது படம்.

அந்தப் பெண்ணின் உடம்பு தூக்கிப் போட்டது. கை வீசிக் கைப்பேசியைத் தட்டிவிட்டாள். கம்பி கட்டிய வாய்க்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுப் பக்கத்துக் கட்டில்காரிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த குழாய் பிடுங்கிக்கொண்டு, விரிப்பில் ரத்தம் பரவியது.

செவிலிகள் ஓடி வந்து அவளைப் பிடித்தார்கள். அமளி அடங்கியபின் ஓட்டுநர் தரையில் கிடந்த கைப்பேசியை எடுத்தான்.

"இவன் யாரு?"

"என் புருஷன்."

அவன் கை உயர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. மனைவி அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி கடையிலிருந்து துரத்திட்டோம்ணே. இதே வேலைக்குத்தான். வெளிய சொல்லல."

"எதுக்குச் சொல்லல?"

"மானம் போயிடும்னு."

"உங்க மானத்துக்கு எம் பொண்டாட்டி தாடையா?"

 அவன் குரலைத் தாழ்த்தி வேறொன்றைக் கேட்டான். அடியைவிட அது பலமாக விழுந்தது.

"ரெண்டு வருஷத்துல எத்தன வீட்டுக்குப் பூட்டு மாட்டியிருப்பான்? எத்தன சாவி இருக்கும் அவன்கிட்ட?"

*

நடைவழியின் கோடியில், தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து அவள் வேலையைத் தொடங்கினாள்.

ஏற்கெனவே கட்டிவைத்திருந்த பக்கம்தான். ஒரு வாரத்துக்கு முன்பு அண்ணன் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது: "தெருவுல எல்லாருக்கும் நம்மைத் தெரியும். அப்புறம் யாருக்கு இந்தக் கண்காட்சி?" அன்று அவளுக்குப் பதில் தெரியவில்லை. புது வாடிக்கையாளர் வருவார்கள், வியாபாரம் பெருகும் என்று ஏதேதோ சொன்னாள். இன்று தெரிந்தது. தெருவுக்குத் தெரிந்தவர்களைத் தெருவைத் தாண்டித் தேடுகிறார்கள். தேடுகிறவருக்கு நாம் நம்முடைய வாயால் ஒரு விலாசம் சொல்லாவிட்டால், வேறொருவர் தன்னுடைய வாயால் சொல்லிவிடுவார். காலியாகக் கிடக்கும் இடத்தில் எவன் வேண்டுமானாலும் பலகை நட்டுக்கொள்வான்.

அப்பாவின் முகத்தை மேலே வைத்தாள். கீழே அண்ணன். பக்கத்தில் தான். 'இந்த மூவரைத் தவிர எங்கள் கடையிலிருந்து உங்கள் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள்' என்று எழுதினாள். கடையின் எண்ணையும் தன் எண்ணையும் சேர்த்தாள். 'பூட்டு மாற்றினால் சாவி வெட்டுவது உங்கள் கண் முன்னால்தான்' என்று எழுதினாள். பிறகு நான்காவது படத்தைச் சேர்த்து, அதன் கீழே எழுதினாள்:

'இவர் எங்கள் ஆள் அல்ல. எங்கள் பெயரைச் சொல்லிப் பூட்டு மாற்றி வருகிறார். மாற்றிய வீடுகளின் சாவி இவரிடம் இருக்கலாம். இவரை இரண்டு வருடத்துக்கு முன்பே நாங்கள் விலக்கினோம்; உங்களிடம் சொல்லாமல் மறைத்தது எங்கள் தவறு. அந்தப் பூட்டுகளை இன்றே இலவசமாக மாற்றித் தருகிறோம். இவரைக் கண்டால் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.'

அப்பாவிடம் நீட்டினாள். அவர் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார்.

"போட்டுடு. நம்ம தப்புன்னு எழுதியிருக்கியே, அதை எடுத்துடாதே."

மணி ஒன்றரை. வெளியிட்டாள்.

ஆஸ்பத்திரிக் காவல் சாவடியில் இருந்த ஏட்டிடமும் படத்தைக் காட்டினாள். அவர் நோட்டில் எழுதிக்கொண்டு, "விலாசம்?" என்றார். "தெரியாது சார். இந்த நம்பர்தான் இருக்கு, எடுக்க மாட்டேங்கறார்." "விலாசம் இல்லாம எங்கம்மா போய்த் தேடறது?" என்று மூடியைப் பேனாவில் செருகினார்.

ஓட்டுநர் அப்படிக் கேட்கவில்லை. பக்கத்தை ஒருமுறை படித்தான். தன் டிப்போ ஆட்கள் நானூறு பேருக்கும் ஒரே தட்டலில் அனுப்பினான்.

"போலீசுக்குத்தான் சொல்லணும்ணே," என்றாள் அவள். "கீழ எழுதியிருக்கேன் பாருங்க."

"பார்த்தேன்," என்றான். கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

இரண்டு மணியிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. ஒரு தையல்காரி, போன மாதம் அந்த ஆள் தன் வீட்டுக்கு வந்ததாகச் சொல்லி அழுதாள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அரைமணி நேரம் திட்டிவிட்டு, கடைசியில் படத்தில் கட்டோடு தெரிந்த அப்பாவின் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். ஒன்பது வீடுகள். பத்து. மூன்று மணிக்குப் பதினேழு.

கடையிலிருந்து அண்ணி கூப்பிட்டாள்.

"நாத்தனாரே, கடை திறந்த நாள்லேருந்து இத்தனை பேர் போன் பண்ணினதில்ல. எல்லாரும் திட்டறாங்க. ஆனா, பேரு சொல்லி, மரியாதையாத் திட்டறாங்க."

"எழுதிக்கோங்க அண்ணி. வீட்டு நம்பர், தெரு எல்லாம். ராத்திரிக்குள்ள முடிஞ்ச வரைக்கும் மாத்திடணும். அண்ணனை இப்பவே முதல் வீட்டுக்கு அனுப்புங்க."

மறுமுனையில் பேச்சு நின்றது.

"அண்ணி?"

"அவர் என் போனைப் பிடுங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தாரு. கப்பல் ஏறினவன் இங்கயா இருக்கான்னு ஒரு வார்த்தை. அப்புறம் பேசவே இல்ல. காலையில கடைய உடைச்சான் பாரு, அந்த டிரைவர், அவன் இப்பத்தான் வந்தான். நான் அடிக்க வரான்னு நினைச்சுக் கதவைச் சாத்தப் போறேன். இவர், 'வண்டிய எடு'ங்கறாரு. ரெண்டு பேரும் ஒரே பைக்ல போறாங்க."

"எங்க?"

"டிப்போக்காரன் எவனோ அந்த ஆளைப் பார்த்திருக்கானாம். நம்ம பெரிய நெம்புகம்பியைக் காணோம்."

அவள் கைப்பேசியைக் கையில் பிடித்தபடியே காவல் சாவடிக்கு ஓடினாள். ஏட்டு தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "எந்த இடம்மா?"

"தெரியல சார்! டிப்போவுல கேளுங்க! வயர்லெஸ்ல சொல்லுங்க!"

அவர் கருவியை எடுப்பதற்குள் அவள் கைப்பேசி மணி அடித்தது. திரையில் இருந்த எண்ணைக் காலையிலிருந்து நூறு முறை பார்த்திருந்தாள். கடையின் பெயருக்குக் கீழே இருந்த, கடையுடையதல்லாத எண்.

"நான்தான்," என்றது குரல். இரண்டு வருடத்தில் அது மாறியிருக்கவில்லை. "என் மூஞ்சிய அந்தப் பேஜ்லேருந்து எடு. தெருவுல எல்லாரும் என்னையே பாக்கறாங்க. உன் அண்ணன் கீழ நிக்கறான்."

"எங்க இருக்கீங்க?"

"முதல்ல படத்தை எடு!"

அவன் குரலுக்குப் பின்னால் ஓர் இடி கேட்டது. மரக்கதவில் விழுந்த இடி. அவள் பூட்டுக்காரர் மகள். அந்த ஓசையிலேயே புரிந்தது. கீல் பக்கத்தில் அடித்துப் பார்க்கிறார்கள்.

"விலாசம் சொல்லுங்க! போலீஸ் என் பக்கத்துல நிக்குது. இப்பவே அனுப்பறேன். எந்தத் தெரு?"

"போலீஸா? போலீசுக்கு விலாசம் குடுத்துட்டு நான் எங்க போறது? உள்ள என்னென்ன இருக்குன்னு உனக்குத் தெரியாது."

"சாவிதானே? எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு! தெருப் பேரு மட்டும் சொல்லுங்க!"

இரண்டாவது இடி. இந்த முறை பூட்டுச் சட்டத்தில். நெம்புகம்பியின் நுனி கட்டைக்கும் தகட்டுக்கும் இடையே நுழையும் கிறீச்சொலியும் கேட்டது. எங்கே வைத்து நெம்ப வேண்டும் என்று அண்ணனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"சொல்லுங்க!" என்று அலறினாள். "உயிரு வேணுமா வேண்டாமா?"

ஏட்டு பேனாவை நோட்டின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மறுமுனையில் வெறும் மூச்சு. அவன் யோசிக்கிறான். எப்போதும்போல் கணக்குப் போடுகிறான். "டிப்போவுக்குப் பின்னாடி..." என்று தொடங்கினான்.

கதவு பிளந்தது. நாற்காலி ஒன்று விழுந்தது. சின்னச் சின்ன இரும்புகள் கொத்துக் கொத்தாகத் தரையில் சிதறும் ஓசை. ஓட்டுநரின் குரல் மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தியது. பிறகு ஒரு சத்தம், இன்னொன்று, மீண்டும் ஒன்று. இஸ்திரிப் பெட்டியின் அடிகளை டாக்டர் எண்ணியதுபோல அவளும் தன்னையறியாமல் எண்ணத் தொடங்கினாள். நாலு. அஞ்சு.

ஆறுக்குப் பிறகு எதுவும் இல்லை.

யாரோ கைப்பேசியைத் தரையிலிருந்து எடுத்தார்கள். மூச்சிரைப்பு.

"அரம்."

"அண்ணா! என்ன பண்ணினே? அவருக்கு என்ன ஆச்சு? அண்ணா!"

"உன் பேஜ்ல நாலாவதா ஒரு போட்டோ இருக்கு இல்ல," என்றான் அண்ணன். அவன் இவ்வளவு நிதானமாகப் பேசி அவள் கேட்டதில்லை. "அதை எடுத்துடு. இனிமே தேவைப்படாது."